லீவர் திரும்பி வருதான்னு முதல்ல பாருங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வால்பாறைல இருந்து பைக்ல இறங்கிட்டு இருந்தேன். பொள்ளாச்சிக்காரங்களுக்கு அந்த ரோட்ட பத்தி சொல்லவே வேண்டாம், 40 கொண்டை ஊசி வளைவு, ஒண்ணாம் நம்பர் கீழ ஆழியார் பக்கம், நாப்பது மேல. பதினாலாவது வளைவு வர்றதுக்கு முன்னாடி மூணாவது கியர்ல இருந்து ரெண்டுக்கு போட கியர் லீவர மிதிச்சேன், கியர் விழுந்துச்சு, காலை எடுத்தேன், ஆனா லீவர் மேல வரல. மிதிச்ச இடத்துலயே தொங்கிட்டு நிக்குது. வளைவு தாண்டி நேர் ரோடு வந்ததும் மூணு போடலாம்னு ஷூவ அடியில குடுத்து தூக்குனா லீவர் லொடலொடன்னு நடுவுக்கு வந்துச்சு, இன்னும் கொஞ்சம் தூக்குனதும் மூணு விழுந்துச்சு, இப்ப லீவர் மேலயே நின்னுக்கிச்சு. அடுத்த வளைவுக்கு கால் நுனியால நடுவுக்கு தள்ளி வச்சு அப்புறம் மிதிச்சேன். இப்படியே ஒவ்வொரு தடவையும் கையால சோறு ஊட்டுற மாதிரி ஊட்டி ஊட்டி ஒன்பதாவது வளைவு வரைக்கும் வந்துட்டேன், அங்க லோம்ஸ் வியூ பாயிண்ட் பக்கத்துல ரெண்டுல இருக்கும்போது லீவர் மொத்தமா இறுகிடுச்சு. மேலயும் போகல கீழயும் போகல, கல்லு மாதிரி.

வண்டி கவாஸாகி நிஞ்ஜா 250ஆர், 2010 மாடல். இந்தியாவுக்கு 2009ல வந்துச்சு, 2013ல நிஞ்ஜா 300 வந்ததோட இத நிறுத்திட்டாங்க. 249 சிசி, ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்ப்ரேட்டர், 6 கியர். நான் வாங்கி நாலு வருஷம் ஆச்சு, எனக்கு முன்னாடி ரெண்டு ஓனர். இன்னைக்கு மீட்டர்ல 41,000 கிலோமீட்டர். இந்த வண்டி எனக்கு எவ்ளோ பிடிக்கும்னா, ராத்திரி தூங்க போறதுக்கு முன்னாடி ஒரு தடவை போர்டிகோல போய் பாத்துட்டுதான் படுப்பேன். அதனால அன்னைக்கு வியூ பாயிண்ட்ல நின்னப்ப நெஞ்சு அடிச்சுக்கிச்சு, உண்மையா சொல்றேன்.

அங்க சோளம் சாப்டுட்டு இருந்த ஒரு அண்ணன் வந்து "தம்பி, நல்லா ஓங்கி ரெண்டு மிதி மிதிங்க, விழுந்துரும்" அப்படின்னார். நல்ல மனசோட தான் சொன்னார், ஆனா நான் மிதிக்கல. இறுகி நிக்கிற லீவர ஓங்கி மிதிச்சா அந்த பலம் எங்க போகும்? உள்ள இருக்கிற ஷிஃப்ட் ஃபோர்க்குக்கு தான் போகும், அது ஒரு மெல்லிசான கை மாதிரி, ஒரு தடவை வளைஞ்சா அதுக்கப்புறம் நிஜமாவே இன்ஜின பிளந்து தான் ஆகணும். அதனால ரெண்டாவது கியர்லயே, கிளட்ச்ச மெதுவா விட்டு எடுத்து, ஆழியார்ல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் 35, 40லயே வந்து சேந்தேன். வழில ரெண்டு இடத்துல மட்டும் நிக்க வேண்டி வந்துச்சு. அப்படி ரெண்டுல கிளப்பும்போது கிளட்ச் தேயும்னு தெரியும், ஆனா வண்டிய மலைல விட்டுட்டு வர மனசு வரல.

மறுநாள் ஒரு ஒர்க்ஷாப்ல காட்டுனேன். லீவர ஒரு தடவை காலால அழுத்தி பாத்துட்டு, "கியர் பாக்ஸ் போச்சுங்க, இன்ஜின் இறக்கி கேஸ் பிரிக்கணும், 35,000 வரைக்கும் வரும், பார்ட்ஸ் தனி"ன்னு சொல்லிட்டாங்க. கவர் எதையும் கழட்டல, ராட கழட்டல, லீவர கையால ஆட்டி கூட பாக்கல. எனக்கு அங்க தான் மனசு ஒத்துக்கல. ஏன்னா நான் மலைலயே ஒண்ணு கவனிச்சிருந்தேன், இறுகுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கியரும் சுத்தமா விழுந்துச்சு. லீவர் நடுவுக்கு திரும்பி வர்றது மட்டும் தான் நடக்கல. பல்லு போன கியர் பாக்ஸ் அப்படி நடந்துக்காது, கியர் போட்டதும் துள்ளி வெளிய வரும், கரகரன்னு சத்தம் வரும்.

இத புரிஞ்சுக்க உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும், பொறுமையா படிங்க. பைக் கியர் பாக்ஸ்ல எல்லா பல்சக்கரமும் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு கோத்துட்டே தான் இருக்கும். நாம கியர் மாத்துறதுன்னா பல்லுல பல்லு மாட்டுறது இல்ல, பக்கவாட்டுல இருக்கிற தடி தடியான முட்டுகள, டாக்னு சொல்லுவாங்க, அத பக்கத்து சக்கரத்தோட குழில கொண்டு போய் பூட்டுறது தான். அப்படி தள்ளிட்டு போறது ஷிஃப்ட் ஃபோர்க். ஃபோர்க்க தள்றது ஷிஃப்ட் ட்ரம், அது ஒரு உருளை, மேல வளைஞ்சு வளைஞ்சு பள்ளம் வெட்டியிருக்கும், உருளை கொஞ்சம் திரும்புனா பள்ளத்துல மாட்டிட்டு இருக்கிற ஃபோர்க் அந்த பக்கமோ இந்த பக்கமோ நகரும். அந்த உருளைய ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் திருப்பி விடுறது தான் நம்ம கால் லீவரோட வேலை.

கிணத்துல தண்ணி சேந்துனவங்களுக்கு இது உடனே புரியும். கயித்த ஒரு பிடி இழுக்கிறோம், கை கீழ வந்துருச்சு, அடுத்த பிடி இழுக்கணும்னா கை திரும்பி மேல போய் கயித்த பிடிக்கணும்ல? மேல போகாத கை எப்படி இழுக்கும்? லீவர்ல அந்த கைய மேல கொண்டு போறது ஒரு ரிட்டர்ன் ஸ்ப்ரிங். லீவர் திருப்புற தண்டு இருக்கே, ஷிஃப்ட் ஷாஃப்ட், அத சுத்தி உக்காந்திருக்கும், அதுக்கு ரெண்டு கால் நீட்டிட்டு இருக்கும், அந்த ரெண்டு காலுக்கும் நடுவுல இன்ஜின் கேஸ்ல ஒரு பின் முடுக்கி இருக்கும், பாக்க போல்ட் மாதிரியே இருக்கும். மேல தூக்குனாலும் கீழ மிதிச்சாலும் ஸ்ப்ரிங்கோட ஏதோ ஒரு கால் அந்த பின்ன முட்டி, லீவர நடுவுக்கே தள்ளி விடும். ஸ்ப்ரிங் ஒடஞ்சாலோ இந்த பின் லூஸ் ஆனாலோ, கியர் பாக்ஸ் புதுசா இருந்தா கூட கியர் மாத்த முடியாது.

அதனால கியர் மாட்டிக்கிச்சுன்னா முதல் கேள்வி லீவர் திரும்பி நடுவுக்கு வருதா இல்லையா. வந்துட்டு, ஆனா கியர் விழலன்னா ஒரு வழி. வரவே இல்லன்னா வேற வழி. இந்த ஒரு கேள்விய கேக்காம யாரும் இன்ஜின இறக்க விடாதீங்க.

சரி, நான் என்ன பண்ணேன்னா முதல்ல கிளட்ச்ச சந்தேகப்பட்டேன், ஏன்னா அது தான் எல்லாத்தையும் விட சுலபம். கிளட்ச் முழுசா விடலன்னா இன்ஜின் ஓடும்போது லீவர் கெட்டியா இருக்கும், நியூட்ரல் கிடைக்காது, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு வண்டிய முன்ன பின்ன உருட்டிட்டே போட்டா வெண்ணெய் மாதிரி விழும். அப்படி விழுந்தா கேபிள் ஃப்ரீ பிளே பாருங்க, அதாவது கேபிள் இழுக்குறதுக்கு முன்னாடி லூஸா ஆடுற தூரம், கை கிளட்ச் லீவர்ல 2, 3 மில்லிமீட்டர் இருக்கணும், இல்லன்னா கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கான்னு பாருங்க. எனக்கு ஆஃப்லயும் விழல. கிளட்ச் இல்லன்னு ஆச்சு.

அடுத்து லிங்கேஜ். இந்த வண்டில பெடல், அதாவது நாம மிதிக்கிற லீவர், நேரா ஷாஃப்ட்ல இருக்காது, ஃபுட்ரெஸ்ட் பக்கத்துல இருந்து ஒரு ராட் போய் ஷாஃப்ட்ல மாட்டிருக்கிற சின்ன கைய இழுக்கும். அந்த கைய கழட்டுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்லயும் கைலயும் சேத்து வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, ஸ்ப்ளைன்ல, அதாவது ஷாஃப்ட் நுனில வெட்டியிருக்கிற பல்லு வரிசைல, ஒரு பல்லு தள்ளி மாட்டுனா பெடல் எக்குத்தப்பான உயரத்துல நிக்கும். ராடோட ஒரு பக்க மரை இடது மரை, அது தெரியாம முறுக்கி நட்ட வீணாக்குனவங்கள பாத்திருக்கேன். ராட பிரிச்சு விட்டுட்டு பெடல மட்டும் கையால ஆட்டுனேன். கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, பெடல் ஆடுற அச்சுல, பிவட்ல, பழைய கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி ஆயிருந்துச்சு. நிறைய பழைய வண்டில இதோட முடிஞ்சிரும்ங்க, பிவட் போல்ட்ட கழட்டி துடைச்சு புது கிரீஸ் வச்சா லீவர் திரும்பி வர ஆரம்பிச்சிரும். நானும் அது தான்னு ஒரு நிமிஷம் சந்தோசப்பட்டேன். ஆனா ஷாஃப்ட்ட மட்டும் கையால திருப்பி பாத்தா அது அசையவே இல்ல. ஆக கோளாறு உள்ள.

உள்ளன்னா எவ்ளோ உள்ள? இங்க தான் அந்த 35,000 கணக்கு தப்பா போச்சு. நம்ம ஊர்ல ஓடுற நிறைய வண்டில ஷிஃப்ட் மெக்கானிசம் வலது பக்கம் கிளட்ச்சுக்கு பின்னாடி இருக்கும், கிளட்ச்ச கழட்டுனா கிடைச்சிரும். இந்த வண்டில அது இடது பக்கம், செயின் ஓடுற முன் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட்டுக்கு பின்னாடி ஒரு சின்ன அலுமினிய கவருக்குள்ள இருக்கு. ரெண்டுக்குமே இன்ஜின ஃப்ரேம்ல இருந்து இறக்க வேண்டியதில்ல, கேஸ் பிரிக்க வேண்டியதில்ல. ட்ரம், ஃபோர்க், டாக் இதுல கோளாறுன்னா மட்டும் தான் கேஸ் பிரிக்கணும்.

சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு உக்காந்தேன். இடது பக்க ஃபேரிங், அதாவது வெளி பாடி, அப்புறம் ஸ்ப்ராக்கெட் கவர், ரெண்டையும் கழட்டுனேன். கவர எடுத்தா உள்ள செயின் லூப்பும் மண்ணும் கலந்து கரி பூசுன களிமண்ணு மாதிரி ஒரு விரல் கனத்துக்கு அப்பிட்டு இருக்கு, ஸ்க்ரூ ட்ரைவரால வெட்டி வெட்டி எடுத்தேன், பாதி நியூஸ்பேப்பர் நிறைய வந்துச்சு. டீசல்ல நனைச்ச பிரஷ் போட்டு தேச்சு சுத்தம் பண்ணிட்டு தான் அடுத்த கவர தொட்டேன், ஏன்னா அந்த மண்ணு ஒரு துளி உள்ள போனாலும் ஆயில்ல கலந்து பேரிங்க சாப்பிடும். இது அவசரப்படுற இடம் இல்ல. ஆயில் வடிச்சேன், செயின லூஸ் பண்ணி ஸ்ப்ராக்கெட்ட கழட்டுனேன். போல்ட் எல்லாம் வேற வேற நீளம், அதனால ஒரு அட்டைல கவரோட வடிவத்த வரைஞ்சு, எந்த ஓட்டைல இருந்து வந்துச்சோ அட்டைல அதே இடத்துல குத்தி வச்சேன். நீளமான போல்ட்ட குட்டை ஓட்டைல போட்டு முடுக்குனா கேஸ்ல விரிசல் விடும்.

அந்த ரெண்டாவது கவர லேசா ரப்பர் சுத்தியல்ல தட்டுனதும் எனக்கு பாதி விஷயம் புரிஞ்சிருச்சு. கேஸ்கெட், அதாவது ஆயில் கசியாம நடுவுல வைக்கிற ஷீட், இருக்க வேண்டிய இடத்துல செவப்பு சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கி நிக்குது. யாரோ ஏற்கனவே திறந்திருக்காங்க. எனக்கு முன்னாடி எந்த ஓனர் கைல, எந்த கடைலன்னு தெரியாது, தெரிஞ்சும் இப்ப ஒண்ணும் ஆக போறதில்ல.

கவர் வந்துச்சு. வெளிச்சத்துக்கு திருப்பி பாத்தா உள் பக்கம் அலுமினியத்துல பளபளன்னு ஒரு பிறை வடிவ கீறல், நகம் அளவு. இந்த பக்கம் கேஸ்ல அந்த ரிட்டர்ன் ஸ்ப்ரிங் பின், அது மத்ததெல்லாத்தையும் விட வெளிய துருத்திட்டு நிக்குது. ரெண்டு விரலால பிடிச்சேன். திரும்புச்சு. ஸ்பேனர் இல்ல, வெறும் விரல், தண்ணி பாட்டில் மூடி மாதிரி திரும்புது. கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வெளிய வந்து, முதல்ல ஸ்ப்ரிங் கால் அது மேல சரியா முட்டாம விட்டிருக்கு, அதனால லீவர் தொங்குச்சு, அப்புறம் இன்னும் வெளிய வந்து சாஞ்சு, தலை கவர்ல உரசி, ஷாஃப்ட்டோட தகட்ட சேத்து கவ்விக்கிச்சு. அந்த ஒன்பதாவது வளைவுல நடந்தது இது தான். நான் அங்க ஓங்கி மிதிச்சிருந்தா அந்த பின் ஒடஞ்சு பாதி கேஸுக்குள்ளயே நின்னிருக்கும்.

பின்ன கழட்டி பாத்தா மரைல பழைய த்ரெட் லாக், அதாவது மரை கழண்டுறாம இருக்க போடுற பசை, அதோட தடயமே இல்ல, சுத்தமா மொட்டை. முடுக்கும்போது அத போட மறந்திருக்காங்க, அவ்வளவு தான். இந்த பின்னு ஒவ்வொரு கியருக்கும் அந்த பக்கம் இந்த பக்கம் அடி வாங்குற பின்னு, அதிர்வு வேற, த்ரெட் லாக் இல்லாம எத்தனை நாள் நிக்கும்?

எனக்கு பயம் எல்லாம் கேஸ்ல இருக்கிற மரை போயிருக்குமோன்னு தான். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வச்சிருக்கிற அண்ணன வீட்டுக்கே கூட்டிட்டு வந்தேன். பின்ன கைல வாங்கி, வேட்டில துடைச்சு, சூரியனுக்கு காட்டி ஒவ்வொரு புரியா திருப்பி பாத்தார். "புரி நல்லா இருக்குது தம்பி. கேஸ்லயும் ஒண்ணும் ஆகல, கசடு தான் நிக்குது." நான் கேட்டேன், "தேஞ்ச மாதிரி இருந்தா புதுசா கடைஞ்சு தர முடியுங்களாண்ணா?" அதுக்கு அவர், "கடையறது பத்து நிமிஷங்க. ஆனா அந்த ஸ்ப்ரிங்கு நித்தமும் அடிக்குமே, அதுக்கு பதம் ஏத்தணும், பதம் கூடுனா சட்டுனு ஒடையும், கொறஞ்சா தேயும். அந்த மாதிரி எடத்துக்கு கம்பெனி சாமான் வாங்கிக்கோங்க, எங்கிட்ட வராதீங்க"ன்னார். தன் தொழில தெரிஞ்ச மனுஷன் இப்படி தான் பேசுவார், அவர் மேல எனக்கு மரியாதை இன்னும் கூடிடுச்சு. அவரே மரை வெட்டுற டேப் எடுத்துட்டு வந்து, கையாலயே மெதுவா அரை சுத்து முன்ன, கால் சுத்து பின்னன்னு ஓட்டி பழைய கசட எல்லாம் எடுத்து குடுத்தார். காசு வாங்கிக்கல. டீ மட்டும் குடிச்சார்.

ஸ்ப்ரிங்க எடுத்து பாத்தேன், ரெண்டு காலும் இணையா இருக்கு, வளைவுல விரிசல் இல்ல. ட்ரம் முனைல நட்சத்திர வடிவத்துல ஒரு தகடு இருக்கும், அத ஒரு சின்ன ரோலர் வச்ச கை அழுத்தி பிடிச்சுட்டு ஒவ்வொரு கியர்லயும் நிக்க வைக்கும். அந்த ரோலர் சுத்துதா, அதோட ஸ்ப்ரிங் இழுக்குதா, ரெண்டு போல்ட்டும் டைட்டான்னு பாத்தேன். எல்லாம் நல்லா இருந்துச்சு, இருந்தாலும் அந்த போல்ட்டயும் கழட்டி த்ரெட் லாக் போட்டு முடுக்கிட்டேன். இவ்ளோ தூரம் வந்துட்டு அத விட்டுட்டு போக முடியுமா.

த்ரெட் லாக்னா நீல கலர் வாங்குங்க, செவப்பு வேண்டாம், செவப்பு போட்டா அப்புறம் சூடு காட்டாம கழட்ட முடியாது. மரை ரெண்டு பக்கமும் எண்ணெய் பசை இருக்கவே கூடாது, பிரேக் கிளீனர் அடிச்சு காய விட்டு, ரெண்டு சொட்டு விட்டு முடுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். ஆயில் பட்டா அது பிடிக்காது, அதனால மறுநாள் வரைக்கும் ஆயில் ஊத்தல.

கேஸ்கெட் ஆர்டர் போட்டா வர பத்து நாளுக்கு மேல ஆகும்னாங்க. சிலிக்கான் போட எனக்கு இஷ்டமே இல்ல, பிதுங்கி உள்ள விழுந்த துணுக்கு ஆயில் வழிய அடைச்சிரும். அரை மில்லிமீட்டர் கேஸ்கெட் ஷீட் வாங்கி வந்தேன். நிறைய பேர் ஷீட்ட கவர் மேல வச்சு சுத்தியலால ஓரத்த தட்டி வெட்டுவாங்க, அது அலுமினிய விளிம்ப கொன்னுரும். நான் கவர் விளிம்புல விரலால லேசா கிரீஸ் தடவி, ஷீட் மேல அழுத்தி எடுத்தேன், மருதாணி அச்சு மாதிரி மொத்த வடிவமும் போல்ட் ஓட்டையோட பதிஞ்சுது. உள் கோட்ட புது பிளேடால, வெளி கோட்ட கத்திரிக்கோலால, ஓட்டைகள பழைய குடை கம்பி குழாய கூர் பண்ணி குத்தி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. என் அப்பா பக்கத்துல சேர் போட்டு உக்காந்து வெளிச்சத்துக்கு டார்ச் அடிச்சாரு, ஒரு வார்த்தை பேசல, கடைசில "நல்லா வந்திருக்கு"ன்னு மட்டும் சொன்னாரு. ஷிஃப்ட் ஷாஃப்ட் ஆயில் சீலும் அப்பவே புதுசு போட்டேன், ஷாஃப்ட்டோட ஸ்ப்ளைன் மேல செல்லோடேப் சுத்திட்டு தான் சீல தள்ளணும், இல்லன்னா ஸ்ப்ளைன் சீலோட உதட்ட கிழிச்சிரும்.

மாட்டி முடிச்சு, 10டபிள்யூ-40 ஆயில் ஊத்தினேன். பைக் ஆயில் தான் ஊத்தணும், டப்பால ஜேஏஎஸ்ஓ எம்ஏன்னு போட்டிருக்கும், கார் ஆயில் ஊத்துனா ஆயில்லயே குளிக்கிற நம்ம கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். வண்டிய பேடாக் ஸ்டாண்டுல ஏத்தி பின் சக்கரத்த தூக்கி, இன்ஜின் ஆஃப்ல லீவர கையால மிதிச்சேன். டக். விட்டேன். லீவர் தானா நடுவுக்கு வந்துச்சு. அந்த ஒரு சின்ன அசைவுக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு.

அப்புறம் ஒண்ணுல இருந்து மேல தூக்குனேன், நியூட்ரல். மறுபடி ஒண்ணு, மறுபடி தூக்குனேன், நியூட்ரல். நியூட்ரல்ல இருந்து மேல தூக்குனா ரெண்டு விழல, எவ்ளோ தூக்குனாலும் முட்டி நிக்குது. ஒரு நிமிஷம் உள்ளங்கை வேர்த்துருச்சு, எல்லாத்தையும் மறுபடி பிரிக்கணுமான்னு. அப்புறம் தான் ஞாபகம் வந்துச்சு, கவாஸாகில பாசிடிவ் நியூட்ரல் ஃபைண்டர்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அவுட்புட் ஷாஃப்ட்ல ஒரு பல்சக்கரத்துக்குள்ள மூணு சின்ன இரும்பு குண்டு இருக்கும், வண்டி நிக்கும்போது அதுல ஒண்ணு பள்ளத்துல விழுந்து ரெண்டாவது கியருக்கு போக விடாம தடுக்கும், அதனால சிக்னல்ல ஒண்ணுல இருந்து தூக்குனா கண்ண மூடிட்டு நியூட்ரல் கிடைக்கும். சக்கரம் வேகமா சுத்துனா குண்டெல்லாம் வெளிப்பக்கம் வீசப்பட்டு வழி விட்டுரும். ஆக நின்ன வண்டில ரெண்டு விழலன்னா அது கோளாறே இல்ல. பழைய கவாஸாகி வாங்குறவங்க இத தெரிஞ்சுக்கோங்க, இதுக்காக வண்டிய கடைல விட்டுட்டு வந்தவங்க இருக்காங்க. டயர ரெண்டு கையாலயும் பிடிச்சு வேகமா சுத்தி விட்டு, அப்பாவ லீவர தூக்க சொன்னேன். டக்குனு ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஒவ்வொண்ணுக்கும் லீவர் நடுவுக்கு வந்து நின்னுச்சு.

மொத்த செலவு ஆயில், ஃபில்டர், சீல், ஷீட், த்ரெட் லாக் எல்லாம் சேத்து 2,300 ரூபா. புது பின்னும் ஸ்ப்ரிங்கும் ஆர்டர் போட்டிருக்கேன், இப்ப தேவை இல்ல, ஆனா இந்த வண்டிக்கு பார்ட்ஸ் வருஷத்துக்கு வருஷம் கிடைக்கிறது கஷ்டமாயிட்டே போகுது, எடுத்து பத்திரமா வச்சுக்கலாம்னு.

முதல் நாள் ஊருக்குள்ளயே 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து, இன்ஜின் அடியில நியூஸ்பேப்பர விரிச்சு வச்சுட்டு படுத்தேன். காலைல ஒரு சொட்டு இல்ல. அடுத்த ஞாயிறு வால்பாறை போயிட்டு வந்தேன், அதே ரோடு, இறங்கும்போது பதினாலாவது வளைவுல மூணுல இருந்து ரெண்டுக்கு மிதிச்சுட்டு, ஷூ மேல லீவர் வந்து தொடுதான்னு கால் நுனில பாத்துட்டே இருந்தேன். தொட்டுச்சு.